மூணு பேர் ஆளுற ஏரிக்கரை!

வாசல்ல நின்னா கடல் மாதிரி ஒரு நன்னீர் ஏரி. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தண்ணிதான். ஆனா, 'குழாய்த் தண்ணியை வாயில வைக்காதீங்க'ன்னு திடீர்னு ஒருநாள் அறிவிப்பு வந்தா எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கரோல் டவுன்ஷிப்பில் 2013 செப்டம்பரில் இதுதான் நடந்தது. அன்னிக்கு அந்தக் குட்டி ஊர் எடுத்த முடிவு, பெரிய நகரங்களுக்கே ஒரு பாடம்!

சதுரம் போட்ட ஊர்!

டவுன்ஷிப்னதும் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பு ஞாபகத்துக்கு வருதா? இது வேற சமாச்சாரம். சுதந்திரம் வாங்கின கையோடு, மேற்கே கிடந்த நிலத்தை அளந்து விற்க 1785-ல் ஒரு சட்டம் போட்டது அமெரிக்கா. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம். அதுக்குள்ளே 36 துண்டுகள். 16-ம் நம்பர் துண்டு பள்ளிக்கூடத்துக்கு! அப்படி ஆரம்பிச்ச டவுன்ஷிப்கள் காலப்போக்கில் உள்ளாட்சி அமைப்புகளாவும் ஆச்சு. ஓஹையோவின் 88 கவுன்ட்டிகளில் இப்போ 1,300-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்கள் இருக்கு. கவுன்ட்டின்னா மாவட்டம்னு வெச்சுக்குங்க.

மேயர் கிடையாது. 'ட்ரஸ்டி'ன்னு மூணு பேர், கணக்கு வழக்கு பார்க்க ஒரு நிதி அலுவலர். நாலு பேரையும் மக்களே நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறாங்க. ட்ரஸ்டிகளில் ரெண்டு பேருக்கு ஒரு தேர்தல், மூணாவது ஆளுக்கு ரெண்டு வருஷம் தள்ளி இன்னொரு தேர்தல். மொத்தக் கூடாரமும் ஒரே நாளில் காலியாகாம இருக்க இப்படி ஒரு ஏற்பாடு!

ரோடு போடுறது, பனி அள்ளுறது, கல்லறைத் தோட்டப் பராமரிப்பு, தீயணைப்பு... இதெல்லாம் இவங்க வேலை. வருமான வரி போடுற அதிகாரம் கிடையாது. சொத்து வரிதான் முக்கிய வருமானம். அதையும் ஒரு அளவுக்கு மேல ஏத்தணும்னா, வாக்குச்சீட்டில் மக்கள்கிட்டயே சம்மதம் கேட்கணும்.

ஒரு பக்கம் பறவை, ஒரு பக்கம் அணு!

கரோல் டவுன்ஷிப்புக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடே தேவையில்லை. ஏரியே எல்லை! டூசான் ஓடை இந்த மண் வழியாத்தான் ஏரியில் கலக்குது. சுத்துவட்டாரம் முழுக்க ஒரு காலத்துல 'கிரேட் பிளாக் ஸ்வாம்ப்'ங்கிற பிரமாண்டமான சதுப்புக்காடு. 19-ம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சு, வயலாக்கிட்டாங்க. மிச்சமிருக்கிற கரையோரச் சதுப்புகளில், மே மாசம் வலசை போற சின்னச் சின்னப் பறவைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும்.

அதே கரையில் 493 அடி உயரக் குளிர்விப்புக் கோபுரத்தோடு நிக்குது டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். அணு உலையின் மூடி எஃகை அமிலம் ஆறு அங்குலத்துக்கும் மேல அரிச்சிருந்ததை 2002-ல் கண்டுபிடிச்சு, ரெண்டு வருஷம் மூடி வெச்சிருந்தாங்க. அணு உலைப் பாதுகாப்பு மத்திய அரசின் பொறுப்பு. ட்ரஸ்டிகளுக்கு அதில் அதிகாரம் இல்லை.

பச்சை வில்லன்

அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. அதிலும் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏழு மீட்டர் சொச்சம்தான். கோடையில் சீக்கிரம் சூடாகிடும். மௌமி ஆறு வயல்களில் இருந்து உரத்தின் பாஸ்பரஸை அள்ளிக்கிட்டு வந்து கொட்டும். பாசிக்கு விருந்து! பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி ஏரி மாறிடும். அந்த நீலப்பச்சைப் பாசியில் 'மைக்ரோசிஸ்டின்'னு ஒரு நச்சு இருக்கு. குறி வைக்கிறது கல்லீரலை. கொதிக்க வெச்சாலும் போகாது. தண்ணி ஆவியாகி நச்சு இன்னும் அடர்த்தியாகிடும்.

2013-ல் இந்த நச்சுக்குச் சோதனை செய்யணும்னு ஓஹையோவில் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும், சுமார் 2,000 பேருக்குத் தண்ணி தர்ற கரோல் டவுன்ஷிப்பின் நிலையம், தானாவே மாதிரி எடுத்து அனுப்பிச்சு. சுத்திகரிச்ச தண்ணியிலேயே நச்சு, பாதுகாப்பு அளவான நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது! சோதனையே செய்யலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவங்க மறைக்கலை. நிலையத்தை மூடி, மக்களுக்குச் சொல்லி, கவுன்ட்டியின் குழாயில் இருந்து தண்ணி வாங்கிக் கொடுத்தாங்க. பாசி நச்சுக்காக ஓஹையோவில் ஒரு குடிநீர் நிலையம் மூடப்பட்டது அதுதான் முதல் முறை.

அடுத்த வருஷமே, 2014 ஆகஸ்ட்டில், பக்கத்து டொலிடோ நகரத்துக்கும் அதே கதி. கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் மூணு நாள் குழாய்த் தண்ணி குடிக்க முடியாம பாட்டிலுக்கு வரிசையில் நின்னாங்க. அப்போதான் உலகமே திரும்பிப் பார்த்தது. 2016-ல் சோதனையைக் கட்டாயமாக்கி விதி கொண்டு வந்தது ஓஹையோ. ஏரிக்கு வர்ற பாஸ்பரஸை 2008-ன் அளவில் இருந்து 40 சதவிகிதம் குறைக்கணும்னு அமெரிக்காவும் கனடாவும் அதே வருஷம் இலக்கு வெச்சாங்க. ஆனாலும் பாசிக்கு இன்னும் முடிவு கட்டலை.

காரணம், வரைபடத்துலேயே இருக்கு. டவுன்ஷிப்பை ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுப் பிரிச்சாங்க. தண்ணிக்கு அந்தக் கோடு தெரியுமா? மௌமிக்கு வர்ற தண்ணி ஓஹையோ, இண்டியானா, மிச்சிகன்னு மூணு மாநில வயல்களில் இருந்து வருது. அங்கே எவ்வளவு உரம் போடுறதுன்னு தீர்மானிக்க, கரோலின் ட்ரஸ்டிகளால் முடியாது.

அவங்களால் முடிஞ்சது ஒண்ணுதான்... தங்கள் குழாயில் என்ன வருதுன்னு பார்க்கிறது, பார்த்ததை மறைக்காம மக்கள்கிட்ட சொல்றது. அதை, சட்டம் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சாங்க!