கணினி விளையாட்டும் வரைகலை அட்டைத் தேர்வும்

ஒரு கருவியின் ஆற்றலை அறிவது வேறு. அவ்வாற்றலில் தனக்கு வேண்டுவது எவ்வளவு என அறிவது வேறு. முன்னதை விளம்பரமே கற்பித்துவிடும். பின்னது ஆராய்ந்தாலன்றிப் புலப்படாது. விளையாட்டுக் கணினிக்கென வாங்கப்படும் வரைகலை அட்டை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கடைகளில் 'கிராபிக்ஸ் கார்ட்' என வழங்கும் இவ்வட்டை, அத்தகைய கணினியின் உறுப்புகளுட் பெரும்பாலும் விலை மிக்கது. பொருந்தாததை வாங்கிய பின் திருத்திக்கொள்ளுதற்கும் அரியது.

அம்பாறை மாவட்டத்து இறக்காமம் பிரதேசத்திலுள்ள வரிப்பத்தான்சேனை நெல்வயல் சூழ்ந்த ஊர். நிந்தவூர், கல்முனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர நகரங்கள் அதற்கு அண்மையிலுள்ளன. இத்தகையதோர் ஊரில் மாணவனொருவன் விளையாட்டுக் கணினி அமைக்க விழைவானாயின், அதற்குரிய பணம் ஒரு போக விளைச்சலின் மிச்சத்திலிருந்தோ, கடல் கடந்து உழைக்கும் உறவினர் அனுப்புவதிலிருந்தோ வருதல் கூடும். கொழும்பு பம்பலப்பிட்டியின் யுனிட்டி பிளாசாவிற் கடைக்குக் கடை ஏறி இறங்கி ஒப்புநோக்கும் வாய்ப்பு அவனுக்கு எளிதன்று. அங்கிருந்து வாங்கிய அட்டை பழுதுறின், உத்தரவாதத்தின்படி மீண்டும் அங்கேயே அனுப்பிக் காத்திருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. 300 டொலர் பெறுமதியான அட்டையொன்று, வரியும் வணிக இலாபமும் சேருமுன்னரே 60,000 ரூபாவிலிருந்து 108,000 ரூபாவாயிற்று. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாயிற்று. ஆதலின் ஈண்டுத் தேர்விற் பிழைத்தல் ஒரு குடும்பத்தின் சேமிப்பிற் பிழைத்தலாகும்.

வரைகலை அட்டையின் தொழில் யாது? திரையில் தோன்றும் படம் எண்ணிறந்த சிறு புள்ளிகளால் ஆயது. 1920×1080 என அளவிடப்பெறும் திரையில் 2,073,600 புள்ளிகள் உள. விளையாட்டின்கண் அசைவு இயல்பாகத் தோன்றுதற்கு நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், நொடிதோறும் 12 கோடியே 44 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தல் வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் நொடியின் அறுபதிலொரு பங்கே. கணினியின் மையச் செயலி பலவகைப் பணிகளைச் சில கருக்களைக் கொண்டு விரைந்து முடிப்பது. வரைகலை அட்டையோ ஒரேவகைக் கணிப்பை ஆயிரக்கணக்கான சிறு கருக்களாற் சமகாலத்திற் செய்வது. நாற்று நடுகைக்குப் பலர் ஒருங்கே வயலில் இறங்குதல் போன்றது இது.

இக்கணக்கிலிருந்தே தேர்வின் முதல் விதி பெறப்படும்: அட்டையைத் தேருமுன் திரையை நோக்குக. 2560×1440 அளவுடைய திரை 3,686,400 புள்ளிகளை உடையது. முன்னையதிலும் முக்காற் பங்குக்கு மேல் அதிகம். 3840×2160 அளவுடையதோ நான்கு மடங்கு. முதலாவது திரையை உடையவன் மூன்றாவதற்குரிய அட்டையை வாங்குதல், சிறு தோட்டத்துக்குப் பேராற்றைத் திருப்புதலை ஒக்கும். நொடிக்கு 60 படங்களையே காட்டவல்ல திரையில், அட்டை 140 படங்களை ஆக்கினும் கண்ணுக்குப் புலனாவன 60 மட்டுமே.

அடுத்து நோக்கற்பாலது விளையாட்டின் இயல்பு. வலோரன்ட், டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய கணினியிலும் இயங்குமாறு அமைக்கப்பெற்றவை. இவற்றை மட்டும் விரும்புவோனுக்கு 2024இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 8600ஜி போன்ற, வரைகலைப் பகுதியைத் தன்னுள்ளே கொண்ட செயலியே போதியது; தனி அட்டை வாங்காமலே அவன் தன் விருப்பத்தை நிறைவேற்றலாம். மாறாக, 2024 டிசம்பரில் வெளிவந்த 'இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதத்தில் வெளிவந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ஆகியன, 'ரே ட்ரேசிங்' எனப்படும் ஒளிக்கதிர்க் கணிப்புக்குரிய வன்பொருள் இல்லாத அட்டையில் இயங்கா.

மூன்றாவதாக, அட்டையின் நினைவகம். காட்சியிலுள்ள சுவர், மரம், உடை முதலியவற்றின் மேற்பரப்புப் படங்கள் யாவும் இதன்கண்ணே வைக்கப்படும். இது நிறைந்துவிடின், எஞ்சியவை கணினியின் பொது நினைவகத்திலிருந்து செருகுவாயின் வழியே வருதல் வேண்டும். அவ்வழி மிகக் குறுகியது. 2025இல் வெளிவந்த ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 5060 தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிகாபைட் பெறவல்லது. ஆயின் அதே அட்டை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3ஆம் பதிப்புச் செருகுவாயினூடாகப் பெறுவது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட்டே. படம் திடீரெனத் தயங்கி நிற்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். பெருங்காட்சிகளையுடைய புதிய விளையாட்டுகளுக்கு 8 ஜிகாபைட் போதாமை தோன்றிவிட்டமையின், நான்கைந்து ஆண்டுகள் பயன்கொள்ளக் கருதுவோர் 12 அல்லது 16 ஜிகாபைட் உள்ள அட்டையை நாடுதல் நன்று.

பெயரையும் எண்ணையும் நம்பி மயங்குதல் கூடாது. 2017இல் வெளிவந்த ஜிடி 1030 அட்டையின் நினைவகம் நொடிக்கு 48 ஜிகாபைட் வழங்கியது. அடுத்த ஆண்டு அதே பெயரோடு வந்த வேறொரு வடிவம் ஏறத்தாழ 17 ஜிகாபைட்டே வழங்கியது. 2021இல் 12 ஜிகாபைட்டுடன் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 2022இல் அப்பெயரிலேயே 8 ஜிகாபைட்டும் குறுகிய நினைவகப் பாதையும் உடையதாகவும் விற்பனைக்கு வந்தது. அண்மைக்கால விளம்பரங்களிற் காணும் 'நொடிக்கு இத்தனை படங்கள்' என்னும் எண்ணும் ஆராய்தற்குரியது. உண்மையாகக் கணிக்கப்பெற்ற இரு படங்களுக்கிடையே செயற்கைப் படங்களைப் புகுத்தி அவ்வெண்ணை உயர்த்தல் இயலும். அவை அசைவை மென்மையாக்குமேயன்றி, விசையை அழுத்தியதற்கும் திரை மறுமொழி தருவதற்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைப்பனவல்ல.

இவ்விதிகளை இடைநிலை அட்டைகளுக்குப் பொருத்திக் காணலாம். வெளியீட்டின்போது ஏறத்தாழ 250 முதல் 450 டொலர் வரை விலை குறிக்கப்பெற்றவற்றை இடைநிலையின எனக் கொள்ளின், நான்கு அட்டைகள் கருதத்தக்கன. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிகாபைட்டுடன் 249 டொலர். 2025 மே மாதத்து ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிகாபைட்டுடன் 299 டொலர். 2025 ஜூன் மாதத்து ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிகாபைட்டுடன் 349 டொலர். 2025 ஏப்ரல் மாதத்து ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிகாபைட்டுடன் 429 டொலர். இறுதியிரண்டும் 8 ஜிகாபைட் வடிவங்களையும் உடையன. வாங்குவோன் பெட்டியின் மேலுள்ள எண்ணை உற்றுநோக்குதல் வேண்டும். 1440 வரித் திரைக்கும் நெடுங்காலப் பயனுக்கும் ரேடியானின் 16 ஜிகாபைட் வடிவம் விலைக்கேற்ற பயன் தருவது. விளையாட்டோடு, பிளெண்டர் முதலிய முப்பரிமாண வரைவு மென்பொருளையும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியையும் கற்கக் கருதும் மாணவனுக்கு என்விடியாவின் அட்டை கூடுதலாகப் பொருந்தும். அத்துறை மென்பொருள்களுட் பல அந்நிறுவனம் 2007இல் வெளியிட்ட கூடா என்னும் அமைப்பைத் தழுவி எழுந்தவை. ஆர்க் அட்டையோ புதிய கணினிக்கே உரியது. இன்டெலின் 10ஆம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளோடு அது தன் முழு ஆற்றலைக் காட்டாது.

வினையின் வலிமையை எண்ணுவோன் துணையின் வலிமையையும் எண்ணுதல் வேண்டும் என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் காட்டிய நெறி. அட்டைக்குத் துணையாவன தாய்ப்பலகை, செயலி, மின்வழங்கி என்பன. இன்டெல் 10ஆம் தலைமுறை வரையிலான கணினிகள் செருகுவாயின் 3ஆம் பதிப்பையே உடையன. ஆர்டிஎக்ஸ் 5060 அச்செருகுவாயின் 16 பாதைகளுள் 8ஐ மட்டுமே பயன்கொள்வது. பழைய ஆர்டிஎக்ஸ் 3060 16ஐயும் பயன்கொள்வது. ஆகவே பழைய கணினியைப் புதுக்குவோனுக்கு 12 ஜிகாபைட் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 சில வேளைகளிற் புதியதினும் பொருத்தமானது.

மின்வழங்கியின் கணக்கும் எளிதே. அட்டைக்கு 160 வாற்று, செயலிக்கு ஏறத்தாழ 90, ஏனையவற்றுக்கு 50 எனக் கொள்ளின் 300 வாற்று ஆகும். தரச்சான்று பெற்ற 550 வாற்று மின்வழங்கி இதனை எளிதிற் சுமக்கும். பெட்டியோடு இலவசமாகத் தரப்படும் பெயரற்ற மின்வழங்கியோ, மேலொட்டிய எண்ணைத் தாங்காது அட்டையையும் உடன்கொண்டு அழியக் கூடும். '650 விஏ' எனக் குறித்த சிறு யுபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் 400 வாற்றுக்கும் குறைவாகவே தருவன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 300 வாற்றுக் கணினி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இயங்கின் மாதத்துக்கு 27 அலகு மின்சாரம் செலவாகும். பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறும் கட்டண முறையில் இது சிறு தொகையன்று.

இடத்தின் இயல்பும் கருதற்பாலது. கரையோர நகரங்களில் உவர்க்காற்றும், வாடைக்கால ஈரமும் உலோக இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்வன. கச்சான் வீசும் மாதங்களில் வெம்மையும் புழுதியும் மிகும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியும் மின்னலும் உண்டு. எனவே காற்றோட்டமுள்ள பெட்டி, இரு விசிறியுடைய அட்டை, காலந்தோறும் தூசகற்றல், இடியின்போது மின்செருகியைக் கழற்றுதல் என்பன மேலும் சில படங்களை நொடிக்குப் பெறுவதினும் பயனுடையன.

பணம் குறைந்தோர் பழைய அட்டையை நாடுவர், அது தவறன்று. எனினும் மூன்று சோதனைகள் வேண்டும். எதீரியம் நாணய அகழ்வு 2022 செப்டெம்பர் 15இல் வரைகலை அட்டைகளுக்கு முடிவுற்றபின், இரவுபகலாக உழைத்த அட்டைகள் சந்தைக்கு வந்தன. அவற்றின் விசிறியையும் வெப்பநிலையையும் அரைமணி நேரமேனும் இயக்கிப் பார்த்தல் முதலாவது. பழைய அட்டைக்குப் புதிய பெயர் புனைந்து விற்பாரும் உளராதலின், ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளால் மெய்ப்பெயரை அறிதல் இரண்டாவது. இயக்கி மென்பொருள் இன்னும் வெளிவருகின்றதா என உசாவுதல் மூன்றாவது: 2016இன் ஜிடிஎக்ஸ் 1060 முதலிய அட்டைகளுக்கு 2025 ஒக்டோபருடன் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கிகள் நின்றன, பாதுகாப்புத் திருத்தங்களே 2028 ஒக்டோபர் வரை தொடர்வன.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், தேர்வின் வரிசை தெளிவாகும். முதலிற் திரை, அதன்பின் விளையாட்டு, பின்னர் நினைவகம், அடுத்து உள்ள கணினியின் தாங்குதிறன், இறுதியிலேயே அட்டையின் பெயர். கடையிற் பெயரை முதலிற் கேட்போன் விற்பவனின் கணக்கில் வாங்குகின்றான். திரையிலிருந்து தொடங்குவோன் தன் கணக்கில் வாங்குகின்றான். ஒரு போகத்தின் வியர்வையை அட்டையாக மாற்றும் குடும்பத்துக்கு இவ்விரண்டன் வேறுபாடு பெரிது.