தரையைத் தொடும் நேரத்தில் மீண்டும் மேலே ஏறும் விமானம்: பயப்படணுமா?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயலால் கடலூர் மாவட்டம் மழையில் தவித்த நேரம். அன்று சென்னை ஏர்போர்ட்டில் எடுத்த வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வைரலானது. மும்பையில் இருந்து வந்த இண்டிகோ விமானம் ரன்வேயைத் தொடப் போகும்போது பக்கவாட்டில் ஆடியது. அடுத்த சில நொடிகளில் மறுபடியும் மேலே ஏறிவிட்டது. பிறகு பத்திரமாகத் தரையிறங்கியது.

குடிகாடோ சிதம்பரமோ, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்களுக்கு சென்னை, திருச்சி ஏர்போர்ட்தான். அதனால் இந்த மாதிரி வீடியோ வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால், அன்று நடந்தது விபத்தா?

அது என்ன கோ-அரவுண்ட்?

வேகம், உயரம், காற்று, ரன்வே என எதில் சந்தேகம் வந்தாலும் பைலட் லேண்டிங்கை கைவிட்டு மேலே ஏறலாம். இதற்குப் பெயர்தான் கோ-அரவுண்ட். பைலட்டுகளுக்கு முறையாகப் பயிற்சி தரப்படும் பாதுகாப்பு நடவடிக்கை இது.

மேலே ஏறாவிட்டால்?

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் இறங்கியது. பாதி ரன்வேயைத் தாண்டிய பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ரன்வேயைத் தாண்டி பள்ளத்தில் விழுந்து, 21 பேர் இறந்தனர். துணை பைலட் கோ-அரவுண்ட் செய்யச் சொல்லியும் லேண்டிங் தொடர்ந்தது என்கிறது விசாரணை அறிக்கை.

2010-ல் 158 பேர் பலியான மங்களூரு விபத்திலும் இதே கதைதான். அங்கே துணை பைலட் மூன்று முறை சொல்லியிருந்தார்.

யார் விசாரிப்பார்கள்?

விபத்து, ரன்வேயை விட்டு விலகுவது போன்ற தீவிர சம்பவங்களை விமான விபத்து புலனாய்வுப் பிரிவு (ஏஏஐபி) விசாரிக்கும். மற்ற சம்பவங்களை விமான நிறுவனங்கள் டிஜிசிஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். யாரைத் தண்டிக்கலாம் என்பதல்ல, அடுத்த விபத்தை எப்படித் தடுக்கலாம் என்பதே ஏஏஐபி விசாரணையின் நோக்கம்.

குழப்பம் எங்கே வருகிறது?

2025 ஆகஸ்ட் 10 அன்று எம்.பி.க்கள் சிலர் பயணித்த ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டது. முதல் முறை இறங்காமல் மேலே ஏறியது. ரன்வேயில் இன்னொரு விமானம் இருந்ததாகச் சொன்னார் அதில் இருந்த கே.சி.வேணுகோபால். அதை மறுத்த ஏர் இந்தியா, கட்டுப்பாட்டு அறை சொன்னதால்தான் கோ-அரவுண்ட் செய்தோம் என்றது. இப்படி ஆளுக்கு ஒன்று சொல்லும்போது, பயணிகளுக்கு உண்மை தெரிய ஒரே வழி முறையான விசாரணையும், அதன் அறிக்கை வெளியே வருவதும்தான்.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால், ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு கவனியுங்க: விமானம் ரன்வேயை விட்டு விலகியதா, இல்ல பைலட் மேலே ஏற்றினாரா? முதலாவது என்றால், விசாரணை அறிக்கை எப்போது வரும் என்று கேட்கணும். இரண்டாவது என்றால், பைலட் தன் வேலையைச் செய்திருக்கிறார்.