நிலச்சரிவும் பள்ளத்தாக்கும்: 1982ஆம் ஆண்டுப் புயல் உணர்த்திய பாடம்

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை 1982ஆம் ஆண்டு ஜனவரி 3 முதல் 5 வரை கடும் மழை தாக்கியது. சில இடங்களில், ஓராண்டில் பெய்யவேண்டிய மழையின் பாதியளவு சுமார் 32 மணி நேரத்தில் பெய்தது. 18,000க்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள் நிகழ்ந்தன. அவற்றில் 25 பேர் உயிரிழந்தனர் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் பதிவு செய்துள்ளது.

இச்சரிவுகள் எங்கே தொடங்கின என்பதே ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. ஓடைகள் தொடங்கும் இடத்துக்கும் மேலே, குவித்த உள்ளங்கையைப் போல மலைச்சரிவில் அமைந்திருக்கும் குழிவுகளிலிருந்து அவற்றில் பல புறப்பட்டிருந்தன. பார்வைக்கு அவை புல்லும் புதரும் மூடிய சாதுவான நிலங்களே.

நிரம்பிக் காலியாகும் குழிவுகள்

இக்குழிவுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த வில்லியம் டீட்ரிச். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து மண் சிறிது சிறிதாக நகர்ந்து வந்து குழிவில் சேர்கிறது. அடிமட்ட மண்ணில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்தபோது, சில குழிவுகள் 10,000 ஆண்டுகளுக்கும் மேலாக நிரம்பி வந்திருப்பது தெரியவந்தது.

மண் சேரும் இடத்திலேயே நீரும் சேர்கிறது. பெருமழையின்போது அடிப்பாறைக்கு மேல் தேங்கும் நீரின் அழுத்தம் மண்ணின் பிடிப்பைக் குறைக்கிறது. ஒரு கட்டத்தில் குழிவு முழுவதும் பெயர்ந்து, சேறும் பாறையும் மரங்களும் கலந்த பாய்ச்சலாக மாறி, மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கீழிறங்கக்கூடும். பின்னர் குழிவு மீண்டும் நிரம்பத் தொடங்குகிறது.

செங்குத்தான மலைப் பள்ளத்தாக்குகளைச் செதுக்குவது ஓடும் நீர் மட்டுமல்ல, இத்தகைய பாய்ச்சல்களும்தான் என்று ஜொனதன் ஸ்டாக்கும் டீட்ரிச்சும் 2003ஆம் ஆண்டில் வாதிட்டனர். அவ்வகையில் நிலச்சரிவு என்பது மலையின் இயல்பு குலைந்ததன் விளைவல்ல. பள்ளத்தாக்கு உருவாகும் முறைகளில் ஒன்று. பள்ளத்தாக்கின் வாயில் வீடு கட்ட ஏற்றதாகத் தோன்றும் சமதளம், பல இடங்களில் பழைய பாய்ச்சல்கள் விட்டுச்சென்ற மண்ணே. நூறாண்டுகளாக இங்கு எதுவும் நடக்கவில்லை என்ற உள்ளூர் நினைவு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இயங்கும் ஒரு சுழற்சியின் முன் பாதுகாப்புச் சான்று ஆகாது.

அறிவு இருந்தும்

எந்தக் குழிவு எந்த நாளில் சரியும் என்று கூற இயலாது. ஆனால் ஆபத்தான இடங்களை அடையாளம் காண இயலும். நிலத்தின் சரிவையும் நீர் சேரும் திசையையும் கொண்டு அவற்றைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றை டேவிட் மான்ட்கோமரியும் டீட்ரிச்சும் 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மழையளவை வைத்து எச்சரிக்கும் முறை ஒன்று விரிகுடாப் பகுதியில் 1986ஆம் ஆண்டிலேயே செயற்பட்டது. 1995ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது.

கலிபோர்னியாவில் வீடு விற்பவர், அது வெள்ளம், காட்டுத்தீ, நில அதிர்வு ஆகிய அபாய வலயங்களில் உள்ளதா என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு முதல் சட்டம் வலியுறுத்துகிறது. நில அதிர்வால் ஏற்படக்கூடிய சரிவுகள் இதில் அடங்கும். மழையால் ஏற்படும் பாய்ச்சல்களுக்கெனத் தனி வலயம் இல்லை. வழக்கமான வீட்டுக் காப்புறுதிகளும் பொதுவாக நிலம் நகர்வதால் ஏற்படும் இழப்பை ஈடு செய்வதில்லை. எனவே மலையடிவாரத்தில் வீடு தேடுவோர், தாமே வரைபடத்தைப் பார்த்து வீட்டுக்கு மேலே குழிவு உள்ளதா என்று அறிய வேண்டியுள்ளது.

விரிகுடாப் பகுதியில் குடியேறிய தமிழருக்கு அத்தகைய தெரிவாவது உண்டு. தேயிலை மலைகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அதுவும் இருந்ததில்லை. இலங்கையின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்தவை அவர்களின் லயன் குடியிருப்புகள். கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு 70 பேரைப் பலிகொண்ட சரிவிலும் அழிந்தவை தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளே. அவை எங்கே அமைய வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அவற்றில் வாழ்ந்தவர்கள் அல்லர்.

மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் பாய்ச்சலின் பாதையில் யாரைக் குடியமர்த்துவது என்பது இயற்கை எடுக்கும் முடிவல்ல. அந்த முடிவை எடுப்பவர்களிடம்தான் கேள்வி கேட்கப்பட வேண்டும்.