வாருங்கள், ஆற்றங்கரைக்குச் சைக்கிளில் போவோம்!



சைக்கிள் நமக்குப் புதிதல்ல. பால் கேன் கட்டியிருக்கிறோம். புல்லுக்கட்டு ஏற்றியிருக்கிறோம். நெல் மூட்டையை வைத்து மில்லுக்குத் தள்ளியிருக்கிறோம். இன்றைக்கு அந்த வேலைகளை மோட்டார் பைக்கும் வேனும் எடுத்துக்கொண்டுவிட்டன. பிள்ளை பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள், காற்று இறங்கி, திண்ணை ஓரமாகத் துருப்பிடித்து நிற்கிறது. அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

ஒரு வேலையும் இல்லாமல், ஒரு சுமையும் இல்லாமல், கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் ஆற்றங்கரையோரம் ஒரு மணி நேரம் போய் வந்தால் என்ன? "அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்க செய்யறதுங்க" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு தம்பதியின் கதை

எங்கள் முகாமுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு வயது 46, சர்க்கரை நோய். அந்த அம்மாவுக்கு வயது 41, இரத்த அழுத்தம். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியா எங்கே போனீங்க?" என்று கேட்டேன். "ஒரு துக்கத்துக்குப் போனோங்க" என்றார் அந்த அம்மா. "அதுக்கு முன்னாடி?" சற்று யோசித்துவிட்டு, "அதுவும் துக்கந்தாங்க" என்றார்.

அந்த வீட்டிலும் ஒரு சைக்கிள் கிடந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. விடியற்காலையில், ஊர் விழிப்பதற்கு முன்னால், களத்துமேட்டில் கணவர் பின்னால் பிடித்துக்கொள்ள, பத்து நாளில் கற்றுக்கொண்டார். இரண்டு முறை விழுந்தார். மூன்றாவது முறை விழவில்லை.

சைக்கிள் ஓட்டியதால் மாத்திரை நின்றுவிட்டது என்று நான் கதை அளக்க மாட்டேன். இருவரும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பிறகு பார்த்தபோது அந்த அம்மா சொன்னது இது: "இப்பத்தாங்க அவரு எங்கிட்ட பேசறாரு."

உடம்புக்கு என்ன நன்மை?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை அசைத்து இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதாவது தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். மிதம் என்பதை எப்படி அறிவது? மூச்சு சற்று வாங்க வேண்டும். பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்.

"வயல்ல நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றோமே, அது போதாதா?" என்பீர்கள். வயல் வேலையும் கணக்கில் சேரும்தான். ஆனால் இன்று நடவுக்கும் மெஷின், அறுவடைக்கும் மெஷின். வேலை இல்லாத மாதங்களில் உடம்பு சும்மா இருக்கிறது. சர்க்கரை சும்மா இருப்பதில்லை. தொடைத் தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது எடுத்துச் செலவழிக்கிறது. தொடர்ந்து ஓட்டி வந்தால் இரத்த அழுத்தமும் குறையும். உடல் பாரத்தைச் சீட் தாங்குவதால் நடப்பதைவிட முழங்காலுக்குச் சிரமம் குறைவு.

பெண்கள் சைக்கிள் விடலாமா?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்து மாவட்டமே பதில் சொல்லிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். முதலில் கேலி பேசிய ஊரே பிறகு பழகிப்போனது.

இன்னும் சில பயங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கர்ப்பப்பை இறங்கிடுமாமே?" சைக்கிள் ஓட்டுவதால் கர்ப்பப்பை இறங்காது. பிள்ளை பிறப்பதும் தடைபடாது.

"காப்பர் டி நகர்ந்துடுமா?" நகராது. அது கர்ப்பப்பைக்குள் இருக்கிறது. சீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"ஆண் கருத்தடை செய்துகொண்டவர் ஓட்டலாமா?" ஓட்டலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு சாதாரண வேலை செய்யலாம். ஒரு வாரம் கழித்துச் சைக்கிள் ஓட்டலாம். ஆண்மையும் குறையாது, பலமும் குறையாது. ஆனால் ஒன்று: மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேறு ஒரு கருத்தடை முறையும் அவசியம்.

"பெண் செய்துகொண்டால்?" 48 மணி நேரத்துக்குப் பிறகு இலேசான வேலை. இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய நிலைக்கு வரலாம். தையலைக் காட்டி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சைக்கிள் எடுங்கள்.

கர்ப்பிணிகள் ரோட்டில் சைக்கிள் ஓட்ட வேண்டாம், விழுந்தால் ஆபத்து. அவர்களுக்கு நடையே நல்லது. பிரசவமானவர்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

எந்த வழியில் போகலாம்?

நம் திருச்சிக்குக் காவிரி கொடுத்திருக்கும் வசதி எல்லா ஊருக்கும் கிடைக்காது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் கல்லணை வரை நீளும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. நகரத்தை ஒட்டிய கிராமங்களிலிருந்து சைக்கிளிலேயே வரக்கூடியவர்களுக்கு மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதல் வழி, புதிதாகப் பழகுபவர்களுக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரியைப் பார்த்துவிட்டு, மேலூர் வழியாக வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரை போகலாம். 2015-இல் திறக்கப்பட்ட பூங்கா அது. மெதுவாகப் போனாலும் முக்கால் மணிக்குள் போய்விடலாம். மரநிழலில் உட்கார்ந்து இளைப்பாறித் திரும்பலாம்.

இரண்டாவது வழி, பழகியவர்களுக்கு. திருவானைக்காவலிலிருந்து திருவளர்ச்சோலை, கிளிக்கூடு, உத்தமர்சீலி வழியாகக் கல்லணை. ஒரு வழிக்குச் சுமார் 15 கிலோ மீட்டர். வழியில் வாழைத் தோட்டங்கள். கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையை எத்தனை முறை பஸ்ஸில் கடந்திருப்போம்! சைக்கிளில் போய் இறங்கி, மதகில் தண்ணீர் விழும் சத்தத்தை இருவருமாக நின்று கேட்பது வேறு. பஸ் வரும் சாலை. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஆற்றில் வெள்ளம் பெருகினால் உத்தமர்சீலி அருகே தாழ்வான இடத்தில் தண்ணீர் ஏறலாம். அந்த நாட்களில் போக வேண்டாம்.

மூன்றாவது வழி, ஜீயபுரம், அந்தநல்லூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. முக்கொம்பு உங்கள் வாசலில்தான் இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை இருக்கும் இடம். பூங்காவும் உண்டு. கரூர் சாலையில் லாரிகள் அதிகம். இடது ஓரத்தை விடாதீர்கள்.

மூன்றும் தூரமா? கவலை வேண்டாம். உங்கள் ஊர் வாய்க்கால் கரை போதும். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது நிமிடம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம். பள்ளமும் சுழலும் மேலே தெரியாது.

புறப்படும் முன்

பிரேக், பெல், காற்று மூன்றையும் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். செயினுக்கு மூடி இருக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். இருட்டு விலகியபின் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். மடியில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மிட்டாயைச் சாப்பிடுங்கள். நெஞ்சு வலித்தால் அங்கேயே உட்கார்ந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை

காலையில் அடுப்பு, மாடு, பிள்ளைக்குச் சாப்பாடு எல்லாம் அம்மா தலையில் இருந்தால் அவர் எப்போது கிளம்புவார்? "நீ வரியா?" என்று கேட்டால் போதாது. வாசலை நீங்கள் பெருக்குங்கள், மாட்டுக்கு நீங்கள் தண்ணீர் காட்டுங்கள். அந்த அரை மணியை அவருக்கு உண்டாக்கிக் கொடுங்கள். ஓய்வு உங்கள் இருவருக்கும் உரியது.

தாய்மார்களே! "ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்காதீர்கள். ஊர் நாலு நாள் பேசும். ஐந்தாம் நாள், "எனக்கும் கத்துக் குடுக்கா" என்று ஒருத்தி வந்து நிற்பாள்.

நாளைக்கே அந்தச் சைக்கிளுக்குக் காற்று அடியுங்கள். போகும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவரும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை இலவசம்.

சேர்ந்து மிதிப்போம்! சேர்ந்து வாழ்வோம்!