உங்களுக்குத் தெரியுமா? உப்பளக் கரையிலிருந்து ஒரு நாள் மலைவாசம்

மரக்காணத்து உப்பளங்களுக்கு அனுகூலமாகவும் எக்கியார்குப்பத்து மாந்தர்க்குப் பிரதிகூலமாகவும் காய்கின்ற சித்திரை வெயிலினின்று ஒரு தினமேனும் விடுபட விழைவோர், வைகறையிலேயே புறப்பட்டுத் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் மார்க்கமாக ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரை அடைவாராயின், 1,000 மீட்டர் உயர்வுக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் உஷ்ணம் தணியும் என்னும் இயற்கை நியதியைச் சரீரத்தாலேயே உணரலாம். உதகையன்று இது, கம்பளி அநாவசியம். சந்தன விருட்சங்களுக்குப் பேர்போன அவ்வனத்தில், 725 மீட்டர் உயரத்தில் அமைந்த காவலூர் வானாய்வுக்கூடம், யுரேனஸ் கிரகத்தைச் சூழ்ந்த வளையங்களுக்கு 1977 மார்ச்சில் சாட்சியமளித்த நிலையங்களுள் ஒன்று என்பது பலரும் அறியாத விசேஷம். வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையை இருட்டுமுன் இறங்கிவிட வேண்டுமாதலால், பீமன் நீர்வீழ்ச்சி ஸ்நானத்தை உச்சிப்பொழுதுக்குள் முடிப்பதே உசிதம். சித்திரையில் அது மெலிந்திருக்கவும் கூடும்.