பனியன் கம்பெனி வீட்டிலிருந்து மொழியியல் முனைவர் பட்டம்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் பெற்றோரின் பிள்ளை பட்டம் வாங்கியதும், பி.எட்.டா, கம்பெனி வேலையா என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. மொழியியலில் முனைவர் பட்டம் என்றொரு வழியும் உண்டு. அதற்கான துறை பக்கத்திலேயே, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது.

இது நமக்கு எதற்கு? கொங்குப் பகுதியில் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். பதிவு செய்ய ஆளில்லாவிட்டால் அது பாட்டிமாரோடு போய்விடும். 1958இல் ஜான் கம்பர்ஸ் என்ற அறிஞர், உத்தரப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றின் பேச்சை ஆராய்ந்து எழுதினார். சேர்ந்து வேலை செய்வதால் மட்டும் பேச்சு ஒன்றாகிவிடாது, நட்பையும் விளையாட்டையும் தீண்டாமை தடுக்கும் இடத்தில் பேச்சும் பிரிந்தே நிற்கும் என்பது அவர் கண்டது. ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் எல்லாச் சாதியும் சேர்ந்து உழைக்கும் திருப்பூரில் நிலைமை என்ன? நம் பிள்ளைகள் ஆராய வேண்டிய கேள்வி இது.

முதல் படி முதுகலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50 போதும். அடுத்து நெட் தேர்வு அல்லது பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆனால் பொதுத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஓராண்டு முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய். அது தவறினாலும் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் முழுநேர ஆய்வாளருக்கு உதவித்தொகை தருகிறது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் தயாராக இருக்கட்டும்.

நெறியாளரிடம் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் ஒரே சமயத்தில் வழிநடத்தலாம்.

சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பாடங்கள். அதன்பின் கள ஆய்வு, பருவந்தோறும் ஆலோசனைக் குழுவின் முன் விளக்கம், ஆய்வேடு, வெளித் தேர்வாளர் இருவரின் மதிப்பீடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் 2 ஆண்டு கூடும். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு.

பலர் இடறுவது பாடத்தில் அல்ல, பணத்தில். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகலாம். அந்த மாதங்களில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் பிள்ளை மறுபடி கம்பெனிக்குத் திரும்பிவிட்டால், சேர்ந்த இடமும் வீணாகும். கோயில் விழாவுக்கு வரி போடும் நம் தெருக்கள், ஆய்வுக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதச் செலவைத் திரட்ட முடியாதா? அம்பேத்கர் மன்றங்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.