கறுத்தக்கொழும்பானுக்கு பார்கோடு போதுமா?

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணிலுள்ள தமிழ்க் கடைகளில் மாம்பழப் பெட்டிமேல் எழுதியிருக்கும் பெயரை நம்பித்தான் காசு கொடுக்கிறோம். பெயர் சரியா என்பதை டிஎன்ஏ பார்கோடு சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முறை பிறந்ததும் ரொறொன்ரோவிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள்தான். 2003இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் போல் ஹீபர்ட், விலங்குகளின் ஒரேயொரு மரபணுவில் 648 எழுத்து நீளத் துண்டைப் படித்து, அடையாளம் தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டால் இனத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றார். தாவரங்களில் அந்த மரபணு அதிகம் மாறுவதில்லை. அதனால் 2009இல் தாவரவியலாளர்கள் பச்சையவுருமணியிலுள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுக்களைத் தெரிவுசெய்தார்கள்.

இந்த இரண்டும் மாவையும் பலாவையும் பிரித்துவிடும். கறுத்தக்கொழும்பான், அம்பலவி என்ற மாம்பழ வருக்கங்களைப் பிரிப்பது அவற்றின் வேலையல்ல. இரண்டும் ஒரே இனம், மாஞ்சிஃபெரா இண்டிகா. மனிதர் மாவை வளர்க்கத் தொடங்கிய சில ஆயிரம் ஆண்டுகள், மெதுவாக மாறும் இந்த மரபணுக்களில் தடம் பதிக்கப் போதாது. வாழையில் இன்னொரு சிக்கல். கதலி, மூசா அக்குமினாட்டாவின் இரண்டு பங்கும் மூசா பல்பிசியானாவின் ஒரு பங்கும் சேர்ந்த கலப்பு. பச்சையவுருமணி தாய்வழியே மட்டும் வருவதால், அதைப் படித்தால் கலப்பின் மறுபக்கம் தெரியாது. ஆகவே வருக்கங்களைப் பிரிக்க, கருவிலுள்ள டிஎன்ஏயில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களை எடுக்கிறார்கள். ஜிஏ என்ற சோடி ஒரு வருக்கத்தில் 12 தடவையும் இன்னொன்றில் 15 தடவையும் வரலாம். இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் வருக்கம் துலங்கும்.

மணமும் ருசியும் போதாதா என்று கேட்கலாம். பழுத்த பழத்துக்குப் போதும். ஒட்டுக்கன்று வாங்குபவர் காய்க்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே. முழு மரபணுத்தொகுதியையும் படிக்கும் செலவு இறங்கிவிட்டதே, பார்கோடு எதற்கு என்பது அடுத்த கேள்வி. மாம்பழத் தூளில் பப்பாசி கலந்திருக்கிறதா என்று அறிய முழுத்தொகுதி தேவையில்லை; இனத்தைச் சொல்லும் சிறு துண்டே போதும். எவ்வளவு நீளமாகப் படித்தாலும் ஒப்பிட நம்பகமான தாய்மரம் இல்லாவிட்டால் கிடைப்பது பெயரற்ற எழுத்துவரிசைதான். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் சரியாக அடையாளம் கண்ட மரங்களின் இலைகளைச் சேகரித்துப் பதிந்துவைப்பது அதனால்தான் முதல் வேலை. இனி ‘டிஎன்ஏ சோதனை செய்த பழம்’ என்று யாராவது விற்றால், எந்தச் சோதனை, எந்த மரத்தோடு ஒப்பிட்டது என்று கேளுங்கள்.